திருகோணமலையிலிருந்து புதுக் கார் வாங்குவது: விலையையும் கட்டணங்களையும் பேசி முடிக்கும் முறை

திருகோணமலையில் இருந்துகொண்டு புதுக் கார் தேடுகிறவரிடம் ஒரு கிழமைக்குள் மூன்று விலைகள் சேர்ந்துவிடும். கொழும்பு ஷோரூம் சொன்னது ஒன்று, குருநாகல் கார் சேலில் கேட்டது ஒன்று, தேத்தண்ணிக் கடையில் தரகர் சொன்னது ஒன்று. மூன்றில் குறைந்ததை எடுத்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒன்றில் பதிவுச் செலவு அடங்கியிருக்கும். இன்னொன்றில் அது தனி. மற்றதில் தரகர் கூலி உள்ளே ஒளிந்திருக்கும். மூன்றும் ஒரே பொருளின் விலையே அல்ல.

ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் பேச்சை ஒரே கேள்வியில் தொடங்குங்கள்: “தம்பி, பதிஞ்சு, நம்பர் எடுத்து, எல்லாம் முடிச்சு நான் சாவியை வாங்கேக்க மொத்தமா எவ்வளவு குடுக்க வேணும்? ஒவ்வொண்டையும் தனித்தனியா எழுதித் தாங்கோ.” இந்தத் தொகையை ‘எல்லாம் அடங்கிய விலை’ என்று வைத்துக்கொள்வோம். பேரம் பேச வேண்டியது இந்தத் தொகைக்கு. மாதத் தவணை எவ்வளவு, பழைய வண்டியை எவ்வளவுக்கு எடுப்பீர்கள், காப்புறுதியை யார் போடுவது என்பதெல்லாம் இந்தத் தொகை தாளில் வந்த பிறகுதான். வரிசை மாறினால் ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் கூட்டி எடுத்துவிடுவார்கள். அது உங்கள் கண்ணில் படவே படாது.

எழுதித்தர மறுக்கும் இடத்தில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். தொலைபேசியில் சொன்ன விலை விலையல்ல.

எந்த ‘புது’ என்று முதலில் பாருங்கள்

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்ட பிறகு சந்தையில் ‘புதுக் கார்’ என்ற பெயரில் மூன்று வகை நிற்கிறது. உற்பத்தி நிறுவனத்தின் உத்தியோகபூர்வ முகவர் விற்கும் பிராண்ட் நியூ கார் ஒன்று. முகவர் அல்லாத இறக்குமதியாளர் வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்து விற்கும் பிராண்ட் நியூ கார் இரண்டாவது. ஜப்பானில் கொஞ்சக்காலம் ஓடி, இங்கே இன்னும் பதியப்படாமல் இருக்கும் ரீகண்டிஷன் கார் மூன்றாவது.

பேரம் பேசும் இடைவெளி மூன்றிலும் வேறு வேறு. முகவரிடம் அச்சடித்த விலைப்பட்டியல் இருக்கும்; காசாகக் குறைப்பது சிரமம். ஆனால் இலவச சர்வீஸ், துணைப்பொருட்கள், பதிவுச் செலவு, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது ஆகியவற்றில் இடம் உண்டு. மாத இறுதியில் விற்பனை இலக்கு முடியாத கிளை கூடுதலாக இறங்கிவரும். இரண்டாவது வகையில் விலை சற்றுக் குறைவாகத் தெரியும். அங்கே உத்தரவாதத்தை யார் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. இறக்குமதியாளர் தன் கடிதத்தலைப்பில் தரும் வாரண்டிக்கும் உற்பத்தி நிறுவனத்தின் வாரண்டிக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. அதை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். மூன்றாவது வகையில்தான் பேரத்துக்கு அதிக இடம். ஏனென்றால் ஒவ்வொரு வண்டியும் தனி வண்டி; ஒரே மாடலில் ஒரே ஆண்டில் வந்த இரண்டு வேகன் ஆர் கூட ஒரே விலை பெறாது.

இறக்குமதியாளருக்கு ஒரு நெருக்கடி இருக்கிறது. விற்பனைக்காகக் கொண்டுவந்த வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும் என்பது 2025இல் வந்த விதி. ஆகவே “இந்த வண்டி எப்ப கிளியர் பண்ணினது?” என்று கேட்டு, சுங்கப் பத்திரத்தில் திகதியைப் பாருங்கள். இரண்டரை மாதமாக விற்பனை யார்டில் நிற்கும் வண்டிக்கு விற்கிறவரே அவசரப்படுவார். ஆட்கள் விரும்பாத நிறம், நிறையப் பேர் கேட்காத கிரேட் (ஒரே மாடலில் வசதிகளால் வேறுபடும் தரவகை) ஆகியவையும் அப்படித்தான். நிறத்தில் விட்டுக்கொடுக்க முடிந்தால் விலையில் கேட்டு வாங்கலாம்.

விலையில் எது அசையும், எது அசையாது

இலங்கையில் ஒரு காரின் விலையில் பெரும்பங்கு வரி. வரியில் பேரம் இல்லை. வரி எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தவரிடம் விற்பனையாளர் ‘வரி’ என்ற சொல்லை வைத்துத் தப்பிக்க முடியாது என்பதால் அதன் அமைப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வண்டியின் வெளிநாட்டு விலை, கப்பல் கூலி, கடல் காப்புறுதி மூன்றும் சேர்ந்ததை சி.ஐ.எஃப். பெறுமதி என்பார்கள். 2025இல் இறக்குமதி திறந்தபோது அதன்மேல் 20 வீத சுங்க வரியும், அந்த சுங்க வரியின் மேல் 50 வீத மேலதிக வரியும் வந்தன. இரண்டும் சேர்ந்து சி.ஐ.எஃப். இன் 30 வீதம். அடுத்தது உற்பத்தி வரி. இதுதான் மிகப் பெரியது. இது வண்டியின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. பெற்றோல், ஹைபிரிட் வண்டிகளுக்கு எஞ்சின் கொள்ளளவையும் மின்சாரக் கார்களுக்கு மோட்டாரின் கிலோவாட் வலுவையும் பார்த்துப் போடப்படுகிறது. அதனால்தான் 660 சிசி வண்டிக்கும் 1500 சிசி வண்டிக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி. குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற் வரி. வரவுசெலவுத் திட்டமோ வர்த்தமானியோ வந்தால் வீதங்கள் மாறும். நீங்கள் வாங்கும் மாதத்து வீதங்களைச் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாருங்கள்.

இந்த அமைப்புத் தெரிந்தால் கிடைக்கும் பயன் இது. “யென் 5 வீதம் ஏறிட்டுது, அதால விலையும் 5 வீதம் ஏறும்” என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 இலட்ச ரூபாய் கார் ஒன்றின் சி.ஐ.எஃப். 35 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். யென் 5 வீதம் ஏறினால் அது 1 இலட்சத்து 75 ஆயிரத்தால் கூடும். அதற்கு மேல் 30 வீதம் சுங்க வரிகள். வற் வரி, சி.ஐ.எஃப். உடன் 10 வீதம் கூட்டி, சுங்க வரிகளையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். ஆக மேலே சொன்ன வீதங்களில் சி.ஐ.எஃப். ஒரு ரூபாய் கூடினால் விலை ஏறத்தாழ 1 ரூபாய் 55 சதம் கூடும். மொத்த உயர்வு 2 இலட்சத்து 72 ஆயிரம் அளவில். 120 இலட்சத்தின் 5 வீதமோ 6 இலட்சம். உற்பத்தி வரி யெனோடு ஏறாது என்பதை மறைத்ததால் வந்த மிச்சம் 3 இலட்சத்துக்கு மேல். சொகுசு வரி எல்லையைத் தொடும் வண்டியில் மட்டும் உயர்வு இதைவிடக் கூடும். யென் இறங்கும்போது இதே கணக்கை நீங்கள் எடுத்து வைக்கலாம்.

மின்சாரக் கார் என்றால் சுங்கப் பத்திரத்தில் உள்ள மோட்டார் வலுவும், வண்டியின் ஆவணங்களில் உள்ள வலுவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். உற்பத்தி வரி அதிலேதான் தங்கியிருக்கிறது. எண் முரண்பட்டால் பதிவு இழுபடும். கொஞ்சம் குறைந்த விலைக்காக அந்தத் தலையிடியை வாங்க வேண்டாம்.

ஏல ஷீட்டைப் படிக்காமல் ரீகண்டிஷன் காருக்கு விலை சொல்லாதீர்கள்

ஜப்பான் வண்டி பெரும்பாலும் ஏலத்தில் வாங்கப்பட்டிருக்கும். ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்து எழுதிய தாள்தான் ஏல ஷீட். அதில் மொத்தப் புள்ளி 3.5, 4, 4.5, 5 என்று இருக்கும். ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது. உட்புறத்துக்கு ஏ, பி, சி என்று தனி எழுத்து. பக்கத்திலுள்ள கார்ப் படத்தில் சிறு குறியீடுகள்: ஏ என்றால் கீறல், யு என்றால் நசிவு, டபிள்யூ என்றால் திருத்திப் பூசிய அடையாளம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தத் தகடே மாற்றப்பட்டது. எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண் பெரிதாக இருந்தால் சேதமும் பெரிது.

யார்டில் காட்டும் ஷீட் படப்பிரதிதான். அதைத் திருத்துவது கடினமில்லை. செசி இலக்கத்தைக் கொடுத்தால் ஏல ஷீட்டை எடுத்துத் தரும் இணையச் சேவைகள் உண்டு, சிறு கட்டணம்தான். ஒரு கோடி ரூபாய் கொடுக்கும் இடத்தில் அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மைலேஜ், புள்ளி, நிறம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஏற்றுமதிக்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழில் உள்ள கிலோமீற்றர் எண்ணையும் வண்டியின் மீற்றர் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். 4.5 என்று சொல்லிக் கேட்ட விலைக்கு 3.5 வண்டி நிற்கிறது என்று தெரிந்தால் பேரம் அங்கே தானாகத் தொடங்கும். ஆர் என்று வந்தால் விலை குறைப்பதைவிட வேறு வண்டி பார்ப்பது நல்லது. பிறகு விற்கும்போது அந்த ஷீட்டை அடுத்தவரும் எடுப்பார்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளில் பற்றரியின் ஆரோக்கிய வீதத்தை ஸ்கேனர் போட்டு எடுத்த தாளைக் கேளுங்கள். மீற்றரில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம்.

பேசும் நாள்

இரண்டு இடத்துத் தாள் கையில் இல்லாமல் மூன்றாவது இடத்துக்குப் போகாதீர்கள். அதே மாடல், அதே உற்பத்தி ஆண்டும் மாதமும், அதே கிரேட், கிட்டத்தட்ட அதே மைலேஜ் ஆகிய நான்கும் பொருந்தினால்தான் ஒப்பீடு. ‘2023 யாரிஸ்’ என்பது போதாது. ஜனவரி வண்டியும் டிசம்பர் வண்டியும் இங்கே ஒரே விலை பெறாது.

கொழும்புக்கு 260 கிலோமீற்றர் போய்ச் சேர்ந்த களைப்பு பேரத்தில் எதிரி. காலையில் புறப்பட்டு மத்தியானம் சேர்ந்து, இருட்ட முன்னம் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். முதல் பயணத்தில் முற்பணம் கொடுப்பதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். விலைத் தாள்களை முன்கூட்டியே வட்ஸ்அப்பில் வாங்கி, வண்டி பார்க்க மட்டும் போவது நல்லது. குருநாகல் நம் கொழும்புப் பாதையிலேயே இருப்பதால் போகும்போது ஒரு யார்ட், வரும்போது ஒரு யார்ட் என்று பார்க்கலாம்.

பேச்சு எளிமையாக இருக்கட்டும். “இந்தத் தாளில எல்லாம் சேர்த்து 118 இலட்சம் போட்டிருக்கிறீங்கள். அதே வருசம், அதே கிரேட் எனக்கு மற்ற இடத்தில 114க்கு வருது, தாள் இருக்கு. 113க்கு முடிச்சுத் தந்தால் இந்தக் கிழமையே பாங்கால அனுப்புறன்.” பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நீங்களே உடைத்து “சரி, 115 ஆவது…” என்று தொடங்கினால் அவர் ஒரு ரூபாய் குறைக்க முன்னமே நீங்கள் இரண்டு இலட்சம் ஏறிவிட்டீர்கள்.

“இண்டைக்கு மட்டும்தான் இந்த விலை”, “பின்னேரம் ஒராள் காசோட வாறார்”, “பட்ஜெட்டில வரி ஏறப்போகுது”. இவை மூன்றும் எப்போதும் வரும். முதல் இரண்டுக்கும் பதில், “அவருக்கே குடுங்கோ, இல்லையெண்டால் நாளைக்குச் சொல்லுங்கோ” என்பதுதான். மூன்றாவது சில வேளை உண்மையாகவும் இருக்கலாம். நவம்பரில் வரவுசெலவுத் திட்டம் வருவதற்கு முன் விலைகள் வதந்தியில் ஏறும். ஆனால் ஏற்கெனவே வரி கட்டி வெளியே எடுத்து நிற்கும் வண்டிக்கு நாளைய வரி ஏறினாலும் அவர் கட்டிய வரி மாறாது என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

மொழி விடயத்தைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். விலை பேசுவது சிங்களத்தில் நடந்தாலும், ஒப்பந்தம் நீங்கள் வாசித்து விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திடுவதைவிட ஒரு நாள் பிந்துவது நல்லது.

கட்டணங்கள்: எங்கே சேர்க்கிறார்கள்

காரின் விலையில் 2 இலட்சம் குறைத்தவர் கடைசிப் பில்லில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது வழமை. ஆகவே பில்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அரசாங்கத்துக்குப் போகும் காசு ஒரு பக்கம், விற்பனையாளருக்குப் போகும் காசு மறுபக்கம்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் முதற்பதிவுக் கட்டணம், இலக்கத்தகட்டுக் கட்டணம், வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆகியவை அரசாங்கத்துக்கு. இவற்றுக்கு உத்தியோகபூர்வ ரசீது உண்டு. ஒப்பந்தத்தில் ‘பதிவுச் செலவு, அரச ரசீதின்படி’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒரே வரியில் உருட்டிப் போட்ட தொகைக்குள் அவர்களுடைய ஆள் அந்தத் திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டிக்கு ஓடித்திரிந்த கூலியும் இருக்கும். கூலி கேட்பதில் தவறில்லை. அதைத் தனி வரியில் எழுதிக் கேட்கட்டும், அப்போது பேசலாம்.

‘டொக்கியுமெண்டேஷன்’, ‘ஹேண்ட்லிங்’, ‘புரொசசிங்’ என்று வரும் வரிகள் எல்லாமே விற்பனையாளருக்கு. “இது எந்த வேலைக்கு?” என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். விளக்கம் வராத வரியை வெட்டச் சொல்லுங்கள். ஒப்படைக்கு முன் கழுவிப் பரிசோதிப்பது விற்பவரின் கடமை. அதற்குத் தனிக் காசு கொடுக்கத் தேவையில்லை.

செராமிக் பூச்சு, சீட் கவர், ‘பாதுகாப்புப் பக்கேஜ்’ போன்றவற்றை ஷோரூமில் வாங்காதீர்கள். இலவசமாகத் தந்தால் எடுங்கள். ஒன்றில் மட்டும் நமக்கு வேறு நியாயம் உண்டு. நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு என்று கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சு உண்மையிலேயே தேவை. அதையும் ஷோரூம் விலையில் செய்ய வேண்டுமென்றில்லை. நல்ல சர்வீஸ் நிலையத்தில் வண்டி வந்த முதல் மாதத்திலேயே, அடிப்பக்கம் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கும்போது செய்யலாம். கதவின் கீழும் செசியிலும் உள்ள நீர் வடியும் துளைகளைப் பூச்சால் அடைத்துவிட்டால் உள்ளேயிருந்து துரு பிடிக்கும் என்பதைச் செய்பவருக்குச் சொல்லுங்கள்.

இலவசமாகக் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது. ஜப்பான் வண்டியின் எஃப்எம் வானொலி பெரும்பாலும் 76 முதல் 95 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்முடைய நிலையங்கள் பல அதற்கு மேலே. பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு துண்டு போட வேண்டும். திரை ஜப்பான் மொழியில் மட்டும் இயங்கினால் அதை மாற்றித் தரவோ வேறு திரை போடவோ கேட்கலாம். இரண்டாவது சாவி, மின்சாரக் கார் என்றால் வீட்டுச் சார்ஜிங் கேபிள், நிரம்பிய தாங்கி, ஃபிளோர் மாட் ஆகியவற்றையும் கேட்கலாம். காசில் இறங்க மறுப்பவர் இவற்றில் இறங்குவார்.

தரகர் வந்திருந்தால் அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்பதை முதல் நாளே மூவரும் இருக்கும்போது கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் வாங்கும் பழக்கம் உண்டு. அவருடைய கூலி விலைக்குள் வைக்கப்பட்டிருந்தால் அதை வெளியே எடுத்து, நீங்களே நேரில் கொடுப்பது இரு தரப்புக்கும் மரியாதை.

லீசிங்: மாதத் தவணையைப் பற்றிப் பேசாதீர்கள்

வண்டியின் பெறுமதியில் எத்தனை வீதம் வரை கடன் தரலாம் என்பதை மத்திய வங்கி நிர்ணயிக்கிறது. அது மாறிக்கொண்டிருப்பதால் இன்றைய எல்லையை வங்கியிலேயே கேளுங்கள். காருக்குக் கணிசமான பங்கைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த எல்லையைத் தாண்ட “இன்வொய்ஸைக் கூட்டிப் போட்டுத் தாறம்” என்று சிலர் சொல்வார்கள். அதற்கு உடன்படாதீர்கள். வாங்காத விலைக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள், பொய்ப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும், பிரச்சினை வந்தால் வண்டியும் போய்க் கடனும் நிற்கும்.

ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் லீசிங் ஆள் தரும் வீதத்தை வாங்க முன், திருகோணமலை நகரில் உங்கள் சம்பளமோ வியாபாரக் கணக்கோ இருக்கும் வங்கியில் எழுத்தில் ஒரு வீதம் எடுங்கள். அதற்கு முன் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, அதாவது கிரிப் ரிப்போர்ட்டை, எடுத்துப் பழைய நிலுவை ஏதும் நிற்கிறதா என்று பார்த்துத் தீர்த்துவிடுங்கள். மறந்துபோன ஒரு கிரெடிட் கார்ட் நிலுவை போதும், கடன் பிந்துவதற்கு.

வீதத்தைக் கேட்கும்போது ‘ஃபிளாட்டா, குறைந்து செல்லும் நிலுவைக்கா’ என்று கேட்க மறக்காதீர்கள். 50 இலட்சம், 5 வருடம் என்று எடுப்போம். ஒருவர் 9 வீத ஃபிளாட் என்கிறார். வருடம் 4 இலட்சத்து 50 ஆயிரம் வீதம் வட்டி 22 இலட்சத்து 50 ஆயிரம். மாதத் தவணை 120,833 ரூபாய். மற்றவர் குறைந்து செல்லும் நிலுவைக்கு 14 வீதம் என்கிறார். தவணை ஏறத்தாழ 116,340 ரூபாய். காதுக்கு 9 குறைவு. கையில் 14தான் மலிவு, 60 மாதத்தில் 2 இலட்சத்து 70 ஆயிரத்துக்குக் கிட்ட. ஃபிளாட்டில் முதல் மாதம் கட்டிய முதலுக்கும் ஐந்து வருடம் வட்டி கட்டுகிறீர்கள். அந்த 9 வீதம் உண்மையில் 15.7 வீதத்துக்குச் சமம்.

கிண்ணியா, மூதூர் பக்கம் பலர் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளில் இஜாரா (வாடகை முறை), முறாபஹா (இலாபம் சேர்த்து விற்கும் முறை) என்று எடுப்பார்கள். அங்கும் முறை ஒன்றுதான்: மொத்தமாகத் திருப்பிக் கட்டும் தொகையை எடுத்து ஒப்பிடுங்கள். எந்த நிறுவனமானாலும் பத்திரக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு, தவணை பிந்தினால் எவ்வளவு ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். பத்திரக் கட்டணம் பேரத்துக்கு உட்பட்டது, கேட்பவர்களுக்குக் குறைக்கிறார்கள்.

காப்புறுதியை லீசிங் நிறுவனம் சொல்லும் இடத்திலேயே போட வேண்டும் என்றால் அதையும் எதிர்த்துக் கேளுங்கள். முழுக் காப்புறுதி வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். எந்த நிறுவனம் என்பதை மூன்று இடத்தில் விலை எடுத்து நீங்கள் முடிவு செய்யலாம். பழைய வண்டியில் கோரிக்கை இல்லாமல் சேர்ந்த போனஸ் இருந்தால் அதைப் புது வண்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறதா என்று வரியைக் காட்டச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன மாவட்டத்தில் இதை விட்டுவிட்டு மலிவு பார்க்க முடியாது. காப்புறுதிக் கட்டுப்பணத்தைக் குறைக்க வண்டியின் பெறுமதியைக் குறைத்துப் போடவும் வேண்டாம். 100 இலட்ச வண்டியை 80க்குக் காப்புறுதி செய்தால், 10 இலட்சத் திருத்தத்துக்கும் 8 இலட்சம்தான் கிடைக்கக் கூடும்.

பழைய வண்டியைக் கொடுத்து மாற்றுவதென்றால் அதன் விலையை நகரத்தில் இரண்டு பேரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, புது வண்டியின் விலை முடிந்த பிறகு மட்டும் பேச்சை எடுங்கள்.

முற்பணமும் ஒப்பந்தமும்

கண்ணுக்கு முன் நிற்கும் வண்டிக்குச் சிறு முற்பணம் போதும். கப்பலில் வரப்போகும் வண்டிக்கு முன்பதிவு செய்கிறவர்தான் அதிகம் கவனிக்க வேண்டும். திருகோணமலை இயற்கைத் துறைமுகமாக இருந்தாலும் கார்க் கப்பல்கள் ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும்தான் வருகின்றன. வண்டி எங்கே இறங்குகிறது, எப்போது இறங்குகிறது என்பதைப் பத்திரத்தால் மட்டுமே அறிய முடியும். ஆகவே காசை மொத்தமாகக் கொடுக்காமல் படிப்படியாகக் கட்டுங்கள்: எல்.சி. (இறக்குமதிக்காக வங்கியில் திறக்கும் கடன் கடிதம்) திறந்த பிரதி காட்டியதும் ஒரு பகுதி, செசி இலக்கம் உள்ள கப்பல் பத்திரம் காட்டியதும் ஒரு பகுதி, வண்டி சுங்கத்தால் வெளியே வந்து நீங்கள் பார்த்த பிறகு மிச்சம்.

ஒப்பந்தத்தில் ‘விலை மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற வரி இருந்தால் அதை அப்படியே விடாதீர்கள். விலை போட்ட நாளின் யென் அல்லது டொலர் பெறுமதியை எழுதி, அதிலிருந்து மாறினால் சி.ஐ.எஃப். பகுதியும் அதைச் சார்ந்த வரியும் மட்டும், ஏறினாலும் இறங்கினாலும், மாறும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். இன்ன திகதிக்குள் வராவிட்டால் முற்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்பதும், லீசிங் கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டும் என்பதும் இரண்டு தனி வரிகள்.

காசு நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். விற்பனையாளரின் தனிப்பட்ட கணக்குக்கோ கையிலோ கொடுத்தால் பிறகு நிரூபிக்க வழியில்லை. பதிவுக்கு உங்கள் தேசிய அடையாள அட்டையோடு வரி செலுத்துநர் அடையாள எண்ணும் வேண்டும்; அதை முதலே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் வண்டி தயாராகியும் பதிவு நிற்கும்.

ஒப்படை நாள்

பகல் வெளிச்சத்தில் மட்டும் வண்டியை எடுங்கள். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் சுங்கப் பத்திரத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை. பிராண்ட் நியூ என்று விற்ற வண்டியின் நான்கு டயரும் வேறு வேறு காலத்தவை என்றால் காரணம் கேளுங்கள். கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு கொம்பனி என்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். ஏசி, பின்பக்கக் கமரா, எல்லாக் கதவுக் கண்ணாடிகள், ஸ்பெயார் டயர் அல்லது பஞ்சர் கிட், ஜாக் ஆகியவற்றையும் பாருங்கள். குறை இருந்தால் கையெழுத்து வைக்க முன் அதே தாளில் எழுதி, எப்போது சரிசெய்வார்கள் என்று திகதி போட்டு வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு பகுதி கையில் இருக்கும்போதுதான் அந்தத் திகதிக்கு மதிப்பு.

கொழும்பிலிருந்து வண்டியைக் கொண்டுவருவது யார் பொறுப்பு என்பதும் விலையின் பகுதி. நீங்களே ஓட்டி வருவதானால் காப்புறுதி அன்று காலையிலேயே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும், காப்புறுதித் தாள் கையில் இருக்க வேண்டும். ஹபரணை தாண்டிய பிறகு கந்தளாய் வரை யானை குறுக்கிடும் காட்டுப் பாதை. பழகாத வண்டியில் இருட்டில் வர வேண்டாம். அவர்கள் கொண்டுவந்து தருவதானால் வழியில் ஏற்படும் கீறலுக்கும் அவர்களே பொறுப்பு என்று எழுத வேண்டும், மீற்றர் எண்ணைப் புறப்பட முன் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

இலவச சர்வீஸ் என்று சொன்னது கூலி மட்டுமா, ஒயிலும் ஃபில்ட்டரும் சேர்த்தா என்று கேளுங்கள். வாரண்டி நிலைக்க முகவரின் பணிமனைக்கே போக வேண்டும் என்றால், அது எந்த ஊரில் இருக்கிறது என்பது நமக்குப் பெரிய விடயம். ஒவ்வொரு சர்வீசுக்கும் 500 கிலோமீற்றர் போய்வரும் எரிபொருளையும் ஒரு நாள் சம்பளத்தையும் ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால், கிழக்கு மாகாணத்தில் பணிமனை உள்ள கார் சற்று விலை கூடினாலும் மலிவாக வரலாம்.

சொன்னதைச் செய்யாவிட்டால், விற்பனையாளரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977; லீசிங், வங்கி பற்றியதற்கு மத்திய வங்கியின் தொலைபேசி இலக்கம் 1935. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட்டு, அதன் பிரதியோடு போங்கள். விலைத்தாள், வட்ஸ்அப் உரையாடல், வங்கி ரசீது, ஒப்பந்தம் நான்கையும் ஒரே கோப்பில் போட்டு, பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.